கடைசிப் பெட்டி வராத ரயில்

வேலாங்கரட்டில் இப்போது மேம்பாலம் இருக்கிறது. ஏறி நின்றால் கிழக்கூரும் தெரியும், மேற்கூரும் தெரியும், நடுவில் தண்டவாளம் வெயிலில் ஆளில்லாமல் கிடப்பதும் தெரியும், ஆனால் அந்தப் பாலத்தில் ஒருத்தர் நின்று ஒருத்தரோடு பேசினதை நான் பார்த்ததில்லை, எல்லாரும் தலைபோகிற காரியம் மாதிரிப் பறக்கிறார்கள். பாலம் வருவதற்கு முன்னால், ரயில்வே கேட்டு மூடிக் கிடந்த காலத்தில், ரயில் போய்க்கொண்டே இருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஜனம் பேசிக்கொண்டது மாதிரி அதற்கு முன்னாலும் பேசினதில்லை, பின்னாலும் பேசவில்லை. அந்த ரயிலின் கடைசிப் பெட்டியும் ஒரு நாள் வரத்தான் செய்தது. ஆரவாரம் ஒன்றும் இல்லை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சத்தமில்லாமல் வந்து போனது, பாதி ஊர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் சொல்ல வந்தது அதை அல்ல.

ரயில் வந்தது ஒரு பங்குனி மாசம், டெல்லிக்கு ஆள் அனுப்புகிற பெரிய தேர்தல் நடந்த அன்று சாயங்காலம். நான் அப்போது கேட்டு ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தேன். மூடின கேட்டுதான் எனக்குச் சோறு, திறந்த கேட்டில் எவன் நின்று வெள்ளரிப்பிஞ்சு தின்பான்? நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். டெல்லியில் என்ன நடக்கிறது, எந்த மந்திரி எந்தக் கட்சிக்குத் தாவினார், சிலிண்டர் விலை ஏன் ஏறினது என்பதெல்லாம் மூடின கேட்டில் நின்ற ஜனம் பேசிப் பேசித்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர் பேப்பரை வாசிப்பார், லாரி டிரைவர் அவரை வைவார், இரண்டு பேரையும் சேர்த்து வைவதற்கு எங்கள் தவசிலிங்கம் அண்ணாச்சி வந்து சேருவார்.

தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு மேற்கூரில் மாவு மில். இருபத்துநாலு மணி நேரமும் மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னால்கூட கோயில் கோபுரத்துப் புறா எழுந்து பறக்கும். புருவத்தில் மாவும் கையில் மிளகாய் நெடியுமாக சைக்கிளில் ஒரு கால், தரையில் ஒரு கால் ஊன்றி நிற்பார், கேட்டு விழுந்ததுமே ஆரம்பித்துவிடுவார். “நம்ம ஓட்டை வாங்கிட்டு அங்க போய் மேசையைத் தட்டுறான். எதுக்குலே தட்டுறன்னு கேளு, பக்கத்துல இருக்கவன் தட்டினான், நானும் தட்டினேங்கான்! அரிசி வெலை தெரியுமா அவனுக்கு? இந்தக் கேட்டுல ஒரு நாள் வெயில்ல நிக்கச் சொல்லு பாப்போம்!” கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன்கூடத் தலையை ஆட்டுவான். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகு நாம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அதற்கு இடம் மட்டும் இருக்காது.

அவருடைய பெண்டாட்டி சொர்ணக்கிளி. மெலிந்த குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் கேட்கும், கேட்டுப் பழகிவிட்டால் வேறு யார் பேச்சும் காதில் ஏறாது. தேர்தல் அன்று இரண்டு பேரும் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சாயங்காலம் பலகாரம் தின்னும்போது அண்ணாச்சி, “நான் சொன்ன ஆளுக்குத்தான போட்ட?” என்று கேட்டிருக்கிறார். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்டது. “யாருக்குப் போட்டேன்னு புருஷங்கிட்ட சொல்ல மாட்டியோ? எனக்குப் பிடிக்காதவனுக்குப் போட்டுட்டு எஞ்சோத்தைத் திங்கியோ?”

கொஞ்ச நேரத்தில் சொர்ணக்கிளி தலையை வாரி, ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் வந்தாள். கேட்டு திறந்திருந்தது.

“எங்க மைனி, இந்நேரத்துல?” என்றேன்.

“அக்கா வீட்டுக்கு. நாலு நாள் அவுக பேச்சை அவுகளே கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கூருக்குப் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் மணி அடித்து கேட்டு இறங்கியது. தெற்கேயிருந்து ரயில் வந்தது.

வழக்கமான ரயில் மாதிரிதான் வந்தது. முன்னால் இன்ஜின், பின்னால் பெட்டிகள், பெட்டி நிறைய ஜனம், படிக்கட்டில் தொங்குகிற ஜனம், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட ஈரத்துண்டு. பைக்காரர்கள் இன்ஜினை அணைக்காமல் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டிகளை எண்ணத் தொடங்கின பிள்ளைகளுக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்தது. பைக்காரர்கள் இன்ஜினை அணைத்தார்கள். பஸ்ஸிலிருந்து ஜனம் இறங்கி நின்றது. இருட்டினது, விடிந்தது, ரயில் போய்க்கொண்டிருந்தது.

கேட் கீப்பர் பேரின்பம் பச்சைக்கொடியை நீட்டியபடியே நின்றான். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கும், அதைக் கண்ணால் பார்க்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். கை கடுத்துப்போய் மறுநாள் கொடியை ஒரு கம்பில் கட்டி நட்டுவைத்தான். அந்தக் கொடி வெயிலில் வெளுத்து வெள்ளையாகி, பிறகு அவன் பெண்டாட்டி தன்னுடைய பச்சைச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருந்தது உண்மைதான். அதற்கு முந்தின தேர்தலில் ஜெயித்தவர் கட்டிக்கொடுத்தது, ரிப்பன் வெட்டின அன்றைக்கே அதில் தண்ணீர் ஊறிக் கூரையைத் தொட்டுவிட்டது, கெளுத்தி மீனுக்குத்தான் அது வழி. தெற்கேயும் வடக்கேயும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்கள், எங்கேயும் இதே ரயில்தான், தலையும் இல்லை வாலும் இல்லை என்று செருப்புத் தேய்ந்து திரும்பி வந்தார்கள்.

ஏறி இறங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ரயில் வேகமாகவும் போகவில்லை, சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். எங்களூர் வாலிபன் கோயில்பிச்சை அப்படித்தான் ஏறினான். இந்தக் கதவில் ஏறி அந்தக் கதவில் இறங்க வேண்டும், இடையில் ஒரு பெட்டி அகலம், அவ்வளவுதானே? முழங்கையால் இடித்து, தோளால் தள்ளி, “வழி விடு, வழி விடு” என்று அவன் கத்தக் கத்த, உள்ளே இருந்த ஜனமும் இவனை இடித்துத் தள்ளியது. எதிர்க் கதவு அவன் கைக்கு எட்டினபோது நாகபுரி வந்துவிட்டது. அங்கேயே ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் பண்ணிக்கொண்டான் என்று கேள்வி. அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

ஜனம் எத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்? அடுப்புப் பற்றவைக்க வேண்டுமே. கொத்தனார் ஒருவர் கிழக்கூரில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார், அவர் பெண்டாட்டி மேற்கூரில். மத்தியானம் ஆனதும் பழக்க தோஷத்தில் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், வந்தவள் ரயிலைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாள், நின்றவள் என்ன நினைத்தாளோ, ஒரு ஜன்னலோடு ஓடினாள். முழங்கை வரைக்கும் சிவப்பும் வெள்ளையுமாக வளையல் போட்ட ஒரு கை நீண்டு தூக்குவாளியை வாங்கிக்கொண்டது. சோறும் போச்சு வாளியும் போச்சு என்று இவள் மாரில் அடித்துக்கொண்டாள். ஆனால் கொத்தனார் இருந்த பக்கம், கொஞ்சம் வடக்கே தள்ளி, ஒரு கம்பளி போர்த்திய கிழவனின் கை அதே தூக்குவாளியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இவள் வைத்த புளிச்சோறு பாதி, அதற்கு மேலே யாரோ ஒரு மகராசி வைத்த இரண்டு சப்பாத்தியும் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயும்.

அன்றிலிருந்து அது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் வேலிமுள்ளை வெட்டி, ரயிலை ஒட்டி சைக்கிள் பாதை போட்டோம். கொடுக்கிறவர்கள் தெற்கேயிருந்து சைக்கிளில் கூடவே போய்க் கொடுப்பார்கள், வாங்குகிறவர்கள் வடக்கே புளியமரத்துப் பக்கம் சைக்கிளோடு காத்திருப்பார்கள். எங்கே கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கையால் காட்டுவோம், பாஷை தெரியாத ஜனம் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கும். ஒரு பொருளும் தொலைந்ததில்லை. அப்படியே போய்ச் சேர்ந்ததும் இல்லை. முறுக்கு கொடுத்தால் முறுக்கோடு இரண்டு பேரீச்சம்பழம் போய்ச் சேரும். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஷாயம் கொடுத்தால் கூடவே ஒரு கம்பளித் தொப்பி வரும். மேற்கூர் மாப்பிள்ளைக்கும் கிழக்கூர்ப் பெண்ணுக்கும் நிச்சயித்திருந்த கல்யாணம் நிற்கவில்லை. தாலியைத் தாம்பாளத்தில் வைத்து ரயிலுக்குள் கொடுத்தோம், மேளம் இரண்டு பக்கமும் கொட்டியது. ஜன்னலுக்கு உள்ளே தாம்பாளம் கை மாறிக் கை மாறிப் போவதைப் பார்த்தேன். வாங்கின பெண்கள் எல்லாரும், முக்காடு போட்டவளும் பொட்டு வைத்தவளும் சிலுவை தொங்கவிட்டவளும், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்தவளிடம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் கயிற்றில் யாரோ ஒரு சிவப்பு நூலையும் சேர்த்து முடிந்திருந்தார்கள். பெண்ணின் தாயார் அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதெல்லாம் எப்பேர்ப்பட்ட காலம்! தண்ணீருக்கு ரயில் ஜனம் சொல்கிற நாலு வார்த்தை எங்கள் பெண்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் குடம் குடமாக ஏந்தி நிற்போம். நான் உப்பும் மிளகாய்த்தூளும் தடவின வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்தால் வடக்கத்திப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொன்று கேட்கும். பட்டாளத்துக்காரர்கள் கையை ஆட்டிக்கொண்டு போவார்கள். கட்டட வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள் மடியில் பிள்ளையோடு தூங்கிக்கொண்டே போவார்கள். ஒரு தரம் பார்த்த முகத்தை மறு தரம் பார்த்ததில்லை. ஆனாலும் போகிறவர்கள் எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவர்கள் மாதிரியே இருக்கும்.

டெல்லிக்கு மட்டும் நாங்கள் தெரியவில்லை. எத்தனையோ மனு போனது. அங்கே இருக்கிற மந்திரி எழுந்து, “அப்படி ஒரு ரயில் அட்டவணையில் இல்லை, ஆகவே அது ஓடவில்லை” என்றாராம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் விடுவார்களா? “ஏன் ஓட்டவில்லை? தெற்கே என்றால் இளக்காரமா? உடனே ஓட்டு!” என்று கூச்சல் போட்டு வெளியே நடந்தார்கள். கொஞ்ச நாளில் ஹெலிகாப்டரில் ஒரு மந்திரி வந்து மேற்கூரில் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குக் கொடியசைத்துத் துவக்கிவைத்துவிட்டு, ஒரு பெரிய பெயரும் சூட்டிவிட்டுப் போனார். டீவியில் நாலு சதுரத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து, இது வளர்ச்சியா வீழ்ச்சியா என்று ஒரு மாசம் சண்டை போட்டார்கள். கேட்டு எப்போது திறக்கும் என்று கேட்பவன் தேசத்தின் மேல் பற்று இல்லாதவன் என்றார் அதில் ஒருவர். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர் மேற்கூரில் ரயிலை நிறுத்துவேன் என்றார், அதே ஆள் சுற்றிப்போய்ப் பல நாள் கழித்துக் கிழக்கூருக்கு வந்து ரயிலுக்குக் கூடுதல் பெட்டி சேர்ப்பேன் என்றார். எப்படிச் சுற்றி வந்தார் என்று மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இதெல்லாம் தவசிலிங்கம் அண்ணாச்சியின் வாய்க்கு அவல். ஆனால் இந்த முறை அவர் பேச்சில் ருசி இல்லை. நாலு நாளில் வருவாள் என்று நினைத்திருந்தவள் அந்தப் பக்கம் நிற்கிறாள். தினமும் மில்லைச் சாத்திவிட்டு கேட்டுக்கு வந்துவிடுவார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி வருமே, அதில் சொர்ணக்கிளி தெரிவாள், மறைவாள், தெரிவாள். அவளும் தினமும் வந்து நின்றாள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு இடைவெளியில் அவள் வாய் அசையும். இவர் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிடுவார். “சொர்ணக்கிளீ! பயப்படாத! டெல்லிக்கு எழுதியிருக்கேன்! அந்தப் பயலுவ என்ன நெனச்சிருக்கானுவ...” டெல்லி என்று வாயெடுத்தால் அப்புறம் பெண்டாட்டி மறந்துபோகும், மந்திரி, விலைவாசி, வரி, மேசை தட்டுகிறவன் என்று ஒவ்வொருத்தராக இழுத்துப்போட்டு அடித்து, மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்க்கும்போது அவள் போயிருப்பாள்.

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. அவள் சொல்வது எனக்குக் கேட்கும். “அண்ணாச்சி, மைனி என்ன சொல்லுதாவன்னா...” என்று ஆரம்பித்தால், “எம் பொண்டாட்டி பேச்சை எனக்குச் சொல்ல நீ யாரு? ஒஞ் சோலியைப் பாரு” என்று என் வாயையும் அடைத்துவிடுவார். நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன்.

அவர் உடம்பு கெட்டுக்கொண்டே வந்தது. தலை சுற்றுகிறது என்று சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவார். ஒரு நாள் வந்து என் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேப்பரில் டெல்லியில் ஆட்சி மாறிவிட்டது என்று போட்டிருந்தது. புதிய மந்திரியும் அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு ரயில் இல்லை என்றிருக்கிறார்.

“இனி யாரைத் திட்டட்டும் இசக்கி?” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “இருந்தவனையும் திட்டியாச்சு, வந்தவனையும் திட்டியாச்சு.”

“யாரையும் திட்ட வேண்டாம். செத்த நேரம் வாயை மூடிட்டு அந்த இடைவெளியைப் பாரும். அங்க உம்ம பொண்டாட்டி தொண்டை கிழியக் கத்துறா.”

அவர் வாயை மூடினார். அது அவருக்கு எவ்வளவு பாடு என்று தாடை ஆடியதில் தெரிந்தது. ஒரு பெட்டி போனது. இடைவெளியில் மெலிந்த குரல் வந்தது, “கொதிப்பு.” அடுத்த பெட்டி. “மாத்திரை.” அடுத்த பெட்டி. “உப்பு ஜாடிக்கு.” தடதடவென்று அடுத்தது. “பின்னால இருக்கு.”

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எத்தனை நாளா இதைச் சொல்லுதா?”

“நீரு மொத நாள் கத்த ஆரம்பிச்சீரே, அன்னையிலேருந்து.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அழுதாரா வேர்வையா என்று நான் கேட்கவில்லை. அவளைப் பார்த்து ஒன்றும் கத்தவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், புரிந்தது, புரிந்தது என்று ஆட்டினார். அந்தப் பக்கம் சொர்ணக்கிளி தெரிந்தாள், மறைந்தாள், மறுபடி தெரிந்தபோது சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம் அவர்கள் பேசின பேச்சு இருக்கிறதே, ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து கேட்கும். ஒரு இடைவெளிக்கு ஒரு வார்த்தை. அவள் ஒரு வார்த்தை விடுவாள், அவர் அது வருகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்த இடைவெளியில் ஒரு வார்த்தை விடுவார். “ராத்திரி என்ன சாப்டீங்க” என்பதற்குள் மூன்று பெட்டி போய்விடும். ஒரு சண்டையை முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகும். பக்கத்தில் நிற்கிற புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எங்களூர்க் கேட்டில் அரசியல் பேசுகிற பேச்சும் மாறிப்போனது. ஒருவன் ஒரு வார்த்தை பேசினால் மற்றவன் ஒரு பெட்டி போகிற நேரம் பொறுத்துத்தான் பதில் சொல்வான். அப்படிப் பொறுத்தால் பாதிப் பேச்சுக்குப் பதிலே தேவைப்படாது.

ஒரு ஐப்பசி மழையில் சொர்ணக்கிளி வருவது நின்றது. அண்ணாச்சி குடையோடு நின்றார், இடைவெளியில் மழை மட்டும் தெரிந்தது. மறுநாளும் மழைதான். மூன்றாம் நாள் அவளுடைய அக்கா வந்து நின்று, ஒரு இடைவெளிக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னாள். வழுக்கி விழுந்துவிட்டாள், இடுப்புக்குக் கீழே எலும்பு முறிவு, சாப்பிட மாட்டேன் என்கிறாள், உங்கள் பேரைச் சொல்கிறாள்.

அண்ணாச்சி குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். “பேரின்பம், ஒஞ் சைக்கிளை எடு. பின்னால நான் உக்காந்துக்கிடுதேன். கொடுக்கிற எடத்துக்கு விடு.”

“அண்ணாச்சி, என்ன கொடுக்கப் போறீரு?”

“என்னையத்தான்.”

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “வேண்டாம் அண்ணாச்சி, கோயில்பிச்சை கதை ஆயிரும், நாகபுரிதான்!” “உமக்கு ஆரஞ்சு பறிக்கிற வயசா?” பேரின்பம் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, “ஆளைக் கொடுக்கச் சட்டத்துல எடம் உண்டான்னு தெரியல” என்றான். “எடம் இல்லன்னும் சொல்லலல்லா? மிதிடே” என்றார் அவர்.

நான் என் கூடையைப் போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் ஒரு கதவோடு கூடவே போனது. அண்ணாச்சி கையை நீட்டினார், பிறகு எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி, அந்தப் பக்கம் என்று கையால் காட்டினார். கதவில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான், சைக்கிள் காலியாகித் தள்ளாடியது, அண்ணாச்சி மேலே போய்விட்டார்.

கோயில்பிச்சை மாதிரி அவர் இடிக்கவில்லை. வழி விடு என்று சொல்லவில்லை. வாயை மூடி, கையை மார்பில் கட்டி, கட்டை மாதிரிக் கிடந்தார். நிற்கவே இடமில்லாத பெட்டியில் ஆளைக் கடத்த ஒரே வழிதான் இருந்தது, தலைக்கு மேலே. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன், வெள்ளை வேட்டி கட்டின ஒரு கனத்த உடம்பு கைகளின் மேலே மெல்ல மெல்ல நகர்ந்து போனது, தாம்பாளம் போனது மாதிரியே. பிறகு அவர் சொன்னார், முகத்துக்கு நேரே ஒரு ஓடாத மின்விசிறி போனதாம், ஒரு சேலைத் தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் கால் கன்னத்தில் பட்டதாம், யாரோ ஒருத்தி அவர் தலை இடிக்காமல் உள்ளங்கையை அணை கொடுத்தாளாம். தாங்கின விரல்கள் எல்லாவற்றிலும் நகத்தோரம் ஓட்டு மை, சிலதில் புதிதாக, சிலதில் பழையதாக. இவர்களும் ஆளுக்கொருத்தனுக்குப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு ஏமாற்றத்தோடு போகிறவர்கள்தானே, யாருக்குப் போட்டாய் என்று ஒருத்தரிடமும் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

நாங்கள் மேற்கே நின்று இடைவெளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிழக்கூர் ஜனம் புளியமரத்தடியில் கூடிவிட்டது. இளநீர்க்காரனின் தள்ளுவண்டியில் மெத்தை போட்டு, முறிவுக்குப் போட்ட எண்ணெய்க்கட்டோடு சொர்ணக்கிளியைக் கிடத்தி, மழைக்கு ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் வண்டியை ரயிலோடு ரயிலாக ஓட்டிக்கொண்டு போனார்கள். தூக்குவாளியை வாங்குகிற மாதிரி அவள் இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். கதவிலிருந்து அண்ணாச்சி இறங்கினார், இறங்கினார் என்ன, இறக்கி வைத்தார்கள், வண்டி ஓரத்திலேயே அவள் காலில் படாமல் உட்கார வைத்தார்கள். வண்டி நின்றது. ரயில் போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் தலையில் யாரோ மாட்டிவிட்ட கம்பளிக் குல்லா, கையில் யாரோ திணித்த வறுகடலைப் பொட்டலம். இரண்டு பக்கத்து ஜனமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை காலம் சேர்த்து வைத்ததை எல்லாம் இப்போது ஒரேயடியாகக் கொட்டப்போகிறார், டெல்லி முதல் கொண்டு எல்லாருக்கும் இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசுகிற வரைக்கும் காத்திருந்தார். அவள் அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள், ஈரத் துண்டைப் பார்த்தாள், குல்லாவைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

“ஒத்தைச் செருப்போட வந்திருக்கீங்க. இன்னொண்ணு எங்க?”

அண்ணாச்சி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, வடக்கே போய்க்கொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

“டெல்லிக்குப் போய்க்கிட்டு இருக்கு” என்றார். “போட்ட மனுவுல அதுவாவது போய்ச் சேரட்டும்.”

சொர்ணக்கிளி சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடுகிற ரயிலைத் தாண்டி, இடைவெளிக்குக்கூடக் காத்திருக்காமல், மழையோடு மழையாக அது மேற்கூர் வரைக்கும் கேட்டது.